ஜோனி மிச்சல் பாட்டு நம்ம கிட்டார்ல ஏன் அப்படியே வரமாட்டேங்குது?

கேள்வி கேட்டவர் ரெண்டு வருஷமா கிட்டார் வாசிக்கிறாராம். கனடாப் பாடகி ஜோனி மிச்சலோட பாட்டு ரெண்டு மூணு, கார்டு (சேந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம்) ஷீட் பாத்து வாசிச்சுப் பாத்திருக்கார், கார்டு எல்லாம் சரியாதான் விழுது ஆனா பாட்டு மட்டும் வரல, பழைய வீடியோவ நிறுத்தி நிறுத்தி விரல் எங்க வைக்கிறாங்கன்னு பாத்தும் பிடிபடல, கோளாறு என் கையிலயா கிட்டார்லயான்னு கேக்கிறார். கூடவே, அவங்க ஓவியமும் வரைவாங்களாமே அது பொழுதுபோக்குதானே, அதையும் பாக்கணுமான்னு இன்னொரு கேள்வி. எனக்கு இது ரெண்டும் ஒரே கேள்வியாதான் படுது, அதனால சேத்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல கை விஷயம். உங்க கையில ஒரு கோளாறும் இல்ல. நீங்க ஸ்டாண்டர்ட் ட்யூனிங்ல, அதாவது கிட்டார் கம்பிகளுக்கு எல்லாரும் வழக்கமா வைக்கற சுருதில வாசிக்கிறீங்க, அவங்க கிட்டத்தட்ட எந்தப் பாட்டையும் அதுல வாசிச்சதில்ல. அம்பது ட்யூனிங் பக்கம் அவங்க பயன்படுத்தியிருக்காங்க. கார்டு ஷீட் எழுதறவங்க அந்த சத்தத்தக் காதால கேட்டு ஸ்டாண்டர்ட் ட்யூனிங்ல கிட்டத்தட்ட என்ன பேர் வருமோ அதப் போட்டுடறாங்க. பேர் சரிதான். ஆனா எந்த ஸ்வரம் அடியில இருக்கு, எது ரெண்டு தடவ கேக்குது, எந்த கம்பி விரல் படாம திறந்தபடி அதிர்ந்துட்டே இருக்கு, இதெல்லாம் அந்தப் பேர்ல இருக்காது. அவங்க பாட்டோட உசுரே அங்கதான இருக்கு. வீடியோ பாத்தும் ஏன் பிடிபடலன்னா, விரல் இருக்கற இடத்த மட்டும் பாத்தீங்க, கம்பி எந்த சுருதியில இருக்குன்னு படத்துல தெரியாது.

இது எங்க ஆரம்பிச்சதுன்னா, அவங்களுக்கு 9 வயசுல போலியோ வந்துச்சு. பொறந்தது 1943 நவம்பர் 7, கனடால ஆல்பர்டா மாகாணத்துல ஃபோர்ட் மக்லியோட்ங்கற ஊர், வளந்தது சஸ்கட்சுவான்ல சஸ்கடூன். போலியோ இடது கையோட பலத்தக் கொறச்சுடுச்சு. மொதல்ல யுகுலேலிங்கற சின்ன நாலு கம்பி வாத்தியம், அப்புறம் ஃபோக் பாடகர் பீட் சீகரோட கிட்டார் பாடம் இருந்த ஒரு இசைத்தட்ட வச்சுக்கிட்டு தானாவே கத்துக்கிட்டாங்க. அதுல எலிசபெத் காட்டன்ங்கற கிட்டார் கலைஞரோட வாசிப்பு முறை வரும், கட்டைவிரல் அடிக்கம்பிகள்ல மாத்தி மாத்திப் போகும், அது அவங்களுக்கு சரியா வரல, அதனால வேற மாதிரி ஒன்ன தானா உண்டாக்கிக்கிட்டாங்க. 60கள் நடுவுல டெட்ராய்ட்ல இருந்தப்ப எரிக் ஆண்டர்சன்ங்கற பாடகர் ஓப்பன் ஜி ட்யூனிங் காட்டிக் குடுத்தார். அங்க இருந்துதான் எல்லாம் கிளம்புச்சு.

ஓப்பன் ட்யூனிங்னா என்னன்னு ஸ்வரத்துல சொன்னா நமக்கு சட்டுனு புரியும். ஓப்பன் டி எடுத்துக்குங்க, தடிச்ச கம்பில இருந்து மெல்லிய கம்பி வரைக்கும் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. டி தான் ஸட்ஜம்னு வச்சுக்கிட்டா ச ப ச க ப ச. விரலே வைக்காம மொத்தமா ஒரு தடவ மீட்டினா முழு மேஜர் கார்டு. 5வது ஃப்ரெட்ல (கிட்டார் கழுத்துல குறுக்க இருக்கற உலோகக் கட்டை) ஒரு விரல நீட்டமா படுக்க வச்சா மத்திமத்து கார்டு, 7வதுல வச்சா பஞ்சமத்து கார்டு. ஸ்டாண்டர்ட் ட்யூனிங்ல மூணு நாலு விரல மடக்கி நீட்டிப் பிடிக்க வேண்டியத இங்க ஒரு விரல் முடிச்சுடுது. பலமில்லாத கைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலைன்னு யோசிச்சுப் பாருங்க. இடது கை செய்ய வேண்டிய வேலைல பாதிய கிட்டாரோட தலைல இருக்கற முறுக்காணிக்கு மாத்திட்டாங்க, வலது கைய முழுசா தாளத்துக்கு விட்டுட்டாங்க. அவங்க வலது கைய கவனிச்சுக் கேளுங்க, கட்டைவிரல் மத்தளம் மாதிரி வேலை செய்யும், கம்பி மேல லேசா அறைஞ்சு அந்த சத்தத்தையும் தாளத்துல சேத்துப்பாங்க.

இது வரைக்கும் பலபேர் சொல்லுவாங்க, போலியோ வந்துச்சு அதனால ட்யூனிங் மாத்தினாங்க, கதை முடிஞ்சுதுன்னு. எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. கை சிரமம்தான் காரணம்னா ஓப்பன் டி, ஓப்பன் ஜி, இந்த ரெண்டோட நின்னிருக்கலாமே, பழைய ப்ளூஸ் வாசிச்சவங்க எத்தனையோ பேர் இது மாதிரி ரெண்டு மூணு ட்யூனிங்ல வாழ்நாள் முழுக்க வாசிச்சிருக்காங்க. அம்பது எதுக்கு? இங்கதான் ஓவியம் வருது.

அவங்க தன்ன எப்பவுமே சூழ்நிலையால தடம் மாறிப்போன ஓவியர்னுதான் சொல்லிக்கிட்டாங்க. 1963ல கல்கரில இருந்த ஆல்பர்டா கலைக் கல்லூரில சேந்து ஒரு வருஷம் படிச்சாங்க, பாட்டு அப்ப செலவுக்குக் காசு வர்ற ஒரு பக்க வேலை. பள்ளிக்கூடத்துல 7ஆம் வகுப்பு ஆங்கில ஆசிரியர் க்ராட்ஸ்மன், தூரிகையால வரைய முடியும்னா வார்த்தையாலயும் வரைய முடியும்னு சொன்னவர், 1968ல வந்த மொத ஆல்பம் 'சாங் டு எ சீகல்' அவருக்குத்தான் சமர்ப்பணம். அந்த அட்டையும் அவங்களே வரைஞ்சதுதான். அடுத்த வருஷம் 'க்ளவுட்ஸ்' அட்டைல தன் முகத்தையே வரைஞ்சு கையில ஒரு செவ்வல்லிப் பூ வச்சிருப்பாங்க, சஸ்கட்சுவான் மாகாணத்தோட பூ அது.

இப்ப ஓவியர் ஒருத்தர் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன செய்வார்? பலகைல வண்ணம் குழைப்பார். நேத்து வரைஞ்ச படத்துக்குக் குழைச்ச நீலம் இன்னைக்குப் படத்துக்கு ஆகாது. ஜோனி கிட்டார எடுத்தா மொதல்ல செய்யறது அதுதான். ஒரு கம்பிய கொஞ்சம் தளத்துவாங்க, இன்னொன்ன ஏத்துவாங்க, சேத்து மீட்டிப் பாத்து, இந்த சத்தம் எனக்கு இன்னைக்கு இருக்கற மனசோட ஒத்துப்போகுதான்னு பாப்பாங்க. வண்ணம் கிடைச்சப்புறம்தான் பாட்டு. சுத்தி இருக்கற சத்தத்துல இருந்தே ட்யூனிங் எடுத்ததாவும் சொல்லியிருக்காங்க, 'தி மாக்டலீன் லாண்ட்ரீஸ்' பாட்டோட ட்யூனிங் ஒரு பாறை மேல உக்காந்து பறவைகள் கூவற சுருதி, அந்த இடத்தோட மொத்த ஓசை இதெல்லாம் கேட்டு அமைஞ்சதாம். திறந்த வெளில போய் நின்னு நிலக்காட்சி வரையறவங்க வேற என்ன பண்றாங்க, சொல்லுங்க.

அந்த வண்ணம் எப்படி இருக்கும்னு ஒரு உதாரணம் சொல்றேன். 1976ல வந்த 'ஹெஜிரா' ஆல்பத்தோட மொத பாட்டு 'கயோட்டி', அதோட ட்யூனிங் சி, ஜி, டி, எஃப், சி, ஈ. சி ய ஸட்ஜமா வச்சா ச ப ரி ம ச க. பாத்தீங்களா, ரி க ம மூணும் ஒரே நேரத்துல திறந்த கம்பில நிக்குது. ஓப்பன் டி மீட்டினா ஒரு வீட்டுக்குள்ள வந்து உக்காந்த மாதிரி இருக்கும், இத மீட்டினா வாசல்ல ஒரு கால் ரோட்டுல ஒரு காலா நிக்கற மாதிரி இருக்கும், போறாங்களா வர்றாங்களான்னே தெரியாது. பாட்டும் அதப் பத்திதான், ஓடிட்டே இருக்கற ரெண்டு பேர் வழியில சந்திச்சுக்கறது. அந்த மாதிரி முடியாம தொங்கற கார்டுக்கு அவங்க வச்ச பேர் 'கேள்வி கேக்கற கார்டு'. இலக்கணப்படி அத உடனே தீத்து வைக்கணும், மத்திமத்த காந்தாரத்துல இறக்கி வச்சா நிம்மதி. அவங்க இறக்க மாட்டாங்க, ஒரு கேள்வில இருந்து அடுத்த கேள்விக்குப் போவாங்க, ஏன்னா அந்தப் பாட்டுல இருக்கற மனுஷிக்கே இன்னும் பதில் கிடைக்கல.

அதே ஆல்பத்துல 'அமீலியா' இருக்கே, எனக்கு அவங்க எழுதினதுலயே அதுதான் உச்சம். அந்த வருஷம் அவங்க மெய்ன்ல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் தனியா கார் ஓட்டிட்டு வந்தாங்க, இந்த ஆல்பத்துல பெரும்பாலான பாட்டு அந்தப் பயணத்துல எழுதினது. பாலைவனத்துல கார் ஓட்டிட்டுப் போறப்ப வானத்துல ஆறு ஜெட் விமானம் ஆறு வெள்ளைக் கோடு போட்டுட்டுப் போகுது, அந்த ஆறு கோடு அவங்களுக்கு தன் கிட்டாரோட ஆறு கம்பியா தெரியுது. இத எழுதினது காதா கண்ணா? மொத தடவ அந்த வரி புரிஞ்சப்ப நான் பாட்ட நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன், ஓவியமும் ட்யூனிங்கும் வேற வேறன்னு நெனச்சிட்டிருந்தது அன்னைக்கோட போச்சு. ட்யூனிங் ஓப்பன் சி, ச ப ச க ப ச தான், ஓப்பன் டி ய ரெண்டு ஃப்ரெட் கீழ இறக்கின அதே குடும்பம். ஆனா அந்த அடிக்கம்பி ஈ ல இருந்து சி வரைக்கும் தளந்து கிடக்கறதால ஒரு அகலம் வருது பாருங்க, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சமவெளி. பாட்டு ரெண்டு சுருதிக்கு நடுவுல மாறிட்டே இருக்கும், எதுலயும் வீடு கட்டாது.

இந்த இடத்துல பேஸ் கிட்டார் பத்தி சொல்லியே ஆகணும். அவங்களுக்கு கிட்டார்னா ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா, மேல மூணு கம்பி ஊதுகுழல் கூட்டம், கீழ மூணு கம்பி செல்லோ, வயோலா, பேஸ் மாதிரி. அப்படி இருக்கறப்ப கூட வாசிக்கற பேஸ் கலைஞர் வந்து கார்டோட வேர் ஸ்வரத்துல டும் டும்னு நின்னா அந்தக் கேள்வி எல்லாத்துக்கும் வலுக்கட்டாயமா ஒரு பதில் குடுத்த மாதிரி ஆயிடுது. ராக் வாசிக்கறவங்களுக்கு இது என்ன கார்டுன்னே தெரியல. ட்ரம்மர் ரஸ் கன்கல்தான் உங்களுக்கு ஜாஸ் கலைஞர்கள்தான் சரிப்படுவாங்கன்னு சொன்னார். அப்படித்தான் டாம் ஸ்காட்டோட எல்.ஏ. எக்ஸ்ப்ரஸ் குழுவோட 1974ல 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' வந்துச்சு, அமெரிக்க ஆல்பம் பட்டியல்ல 2வது இடம் வரைக்கும் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஜாக்கோ பஸ்டோரியஸ்ங்கற பேஸ் கலைஞர் வந்தார். ஃப்ரெட் இல்லாத பேஸ், வேர் ஸ்வரத்துல நிக்கவே மாட்டார், மேல ஏறிப் பாடுவார். 'ஹெஜிரா'ல மொத்தம் 9 பாட்டு, அதுல 4 பாட்டுலதான் அவர் இருக்கார், ஆனா கேட்டவங்களுக்கு ஆல்பம் முழுக்க இருந்த மாதிரி ஞாபகம் இருக்கும்.

ரசிகர்கள் நடுவுல எப்பவும் ஓடற சண்டை ஒண்ணு, 'ப்ளூ' (1971) உசத்தியா அப்புறம் வந்த ஜாஸ் பக்கம் போன ஆல்பம் எல்லாம் உசத்தியான்னு. 'ப்ளூ' உசத்திதான், யார் இல்லன்னா. அதுல ஒரு சின்ன விஷயம், 'கேரி', 'கலிஃபோர்னியா', 'எ கேஸ் ஆஃப் யூ' இதெல்லாம் கிட்டார்னு நெனச்சு கார்டு தேடாதீங்க, அது டல்சிமர், மடில படுக்க வச்சு வாசிக்கற வாத்தியம். 'ரிவர்' பியானோ. ஆனா 1975ல வந்த 'தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்' வந்த நேரத்துல நெறைய திட்டு வாங்குச்சு, அது நியாயமே இல்லன்னு நான் இன்னும் சொல்லுவேன், புருண்டி மேளத்த ஒரு பாட்டுக்கு அடித்தளமா வச்சது அந்த வருஷத்துல வேற யாரு யோசிச்சா. அந்த அட்டையும் அவங்க வரைஞ்சதுதான், ஒரு பெரிய பாம்ப கூட்டமா தூக்கிட்டுப் போற மனுஷங்க, பின்னால நகரம். அட்டையப் பாத்துட்டு ஆல்பம் கேளுங்க, ஆல்பம் எதப் பத்தினு அட்டையே பாதி சொல்லிடும்.

ஓவியம் பொழுதுபோக்கான்னு கேட்டீங்கல்ல. பாட்டு வரண்டுபோனா வரைவாங்க, வரைஞ்சு களைச்சா பாட்டுக்கு வருவாங்க, இத அவங்க பயிர் சுழற்சின்னு சொன்னாங்க. கோதுமை விளையற சமவெளில வளந்தவங்க வாயில வர்ற வார்த்தை. ஒரே பயிரையே போட்டா மண்ணு செத்துடும்னு விவசாயம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஜாஸ் இசைக் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் 1978ல உடம்பு முடியாம சக்கர நாற்காலில இருந்தப்ப அவங்களக் கூப்பிட்டு சில மெட்டு குடுத்தார், அந்த வேலை முடியறதுக்குள்ள 1979 ஜனவரி 5ல இறந்துட்டார். அதுக்கப்புறம் வந்த 'மிங்கஸ்' ஆல்பத்துல பாட்டோட சேந்து அவர அவங்க வரைஞ்ச படங்களும் இருக்கு, சொல்ல முடியாம விட்டத படத்துல சொல்லியிருக்காங்க. 1994ல 'டர்புலன்ட் இண்டிகோ' அட்டைல காதுல கட்டு போட்ட வான் கோ சுயசித்திரம் மாதிரியே தன் முகத்த வரைஞ்சு வச்சாங்க, அந்த ஆல்பம் சிறந்த பாப் ஆல்பத்துக்கான கிராமியோட அட்டை வடிவமைப்புக்கான கிராமியும் வாங்குச்சு. க்ராஸ்பி ஸ்டில்ஸ் நாஷ் அண்ட் யங் குழுவோட 'சோ ஃபார்' (1974) அட்டையும் இவங்க வரைஞ்சதுதான், ரொம்பப் பேருக்குத் தெரியாது. 2000ல சஸ்கடூன்ல மெண்டல் கலைக்கூடத்துல அவங்க ஓவியங்கள மொத்தமா வச்சு கண்காட்சி நடந்துச்சு.

1974ல வந்த லைவ் ஆல்பம் 'மைல்ஸ் ஆஃப் ஐல்ஸ்'ல ஒரு இடம் வரும், கூட்டத்துல இருந்து ஆளாளுக்கு அந்தப் பாட்டு இந்தப் பாட்டுன்னு கத்துவாங்க, அதுக்கு அவங்க சிரிச்சுக்கிட்டே, வான் கோகிட்ட யாரும் அந்த நட்சத்திர ராத்திரிய இன்னொரு தடவ வரைன்னு கேக்கலையேன்னு சொல்லுவாங்க. ஓவியருக்கு படம் முடிஞ்சா முடிஞ்சுது, பாடகர் மட்டும் ஒரே படத்த ஊர் ஊரா திரும்பத் திரும்ப வரையணும். அந்த வருத்தம் புரிஞ்சா, அவங்க ஏன் பழைய ட்யூனிங்ல புதுப் பாட்டு எழுதிட்டே இருக்காம புதுசு புதுசா தேடிட்டே இருந்தாங்கன்னு புரியும்.

இதுக்கு விலையும் குடுத்தாங்க. மேடைல ஒவ்வொரு பாட்டுக்கும் கிட்டார திருப்பி ட்யூன் பண்ணணும், தளத்தி ஏத்தி பண்ணிட்டே இருந்தா கம்பி நிலையா நிக்காது, பாதிப் பாட்டுல சுருதி இறங்கிடும். பழைய பாட்டோட ட்யூனிங் மறந்தும் போயிடும். ஜோயல் பெர்ன்ஸ்டீன்ங்கறவர்தான் எந்தப் பாட்டுக்கு எதுன்னு குறிச்சு வச்சு காப்பாத்தினார். 90கள் நடுவுல இந்தத் தொல்லையாலயே மேடைய விட்டுடலாம்னு இருந்தாங்க, அப்பதான் ரோலண்ட் கம்பெனியோட விஜி 8ங்கற கருவி வந்துச்சு. கிட்டார் கம்பி ஸ்டாண்டர்ட்லயே இருக்கும், ஒவ்வொரு கம்பியோட சத்தத்தையும் தனித்தனியா எடுத்து வேணுங்கற சுருதிக்கு கருவி மாத்திடும், பட்டன அமுக்கினா அடுத்த ட்யூனிங். 1995ல நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழால அத வச்சு வாசிச்சாங்க, 1998ல வந்த 'டேமிங் தி டைகர்' முழுக்க அந்த சத்தம் கேக்கும். எனக்கு மரக் கிட்டாரோட சத்தம்தான் பிடிக்கும், ஆனா அந்தக் கருவி இல்லன்னா அந்த ஆல்பமே இருந்திருக்காது.

சரி, நீங்க வாசிக்கறதுக்கு வருவோம். ட்யூனிங் எழுதற முறை ஒண்ணு இருக்கு, அடிக்கம்பியோட ஸ்வரம், அப்புறம் அஞ்சு எண். அந்த எண் எந்த ஃப்ரெட்ல அழுத்தினா அடுத்த கம்பியோட சத்தம் வரும்ங்கறது. நீங்க இப்ப வச்சிருக்கற ஸ்டாண்டர்ட் ட்யூனிங் ஈ 5 5 5 4 5. ஓப்பன் டி, டி 7 5 4 3 5. ஓப்பன் சி, சி 7 5 4 3 5. எண் ஒண்ணா இருந்தா விரல் வைக்கற இடமும் ஒண்ணு, அதாவது ஒன்ன கத்துக்கிட்டா அந்தக் குடும்பமே கைக்கு வந்துடும். 'கயோட்டி' சி 7 7 3 7 4, அது வேற குடும்பம், அப்புறம் வச்சுக்குங்க.

மொதல்ல ஓப்பன் டி. ஆறாவது கம்பிய ஈ ல இருந்து டி க்கு இறக்குங்க, அஞ்சும் நாலும் அப்படியே இருக்கட்டும், மூணாவது ஜி ல இருந்து எஃப் ஷார்ப், ரெண்டாவது பி ல இருந்து ஏ, ஒண்ணாவது ஈ ல இருந்து டி. நாலு கம்பியும் இறங்கறதுதான், எதையும் ஏத்தல, அதனால பயமில்லாம பண்ணலாம். 'பிக் யெல்லோ டாக்ஸி', 'செல்சி மார்னிங்' ரெண்டும் ஓப்பன் ஈ. அதுக்காக கம்பிய ஏத்தி முறுக்காதீங்க, ஓப்பன் டி ல வச்சு 2வது ஃப்ரெட்ல கேப்போ (எல்லா கம்பியையும் சேத்து அழுத்தற கவ்வி) போட்டாப் போதும். நான் ஆரம்பத்துல நேரடியா ஈ க்கு ஏத்தப் போய் மூணாவது கம்பி அறுந்து கையில கீறல் விழுந்துச்சு. 'பிக் யெல்லோ டாக்ஸி'ல விரல் வேலை ரொம்பக் கம்மி, வலது கைதான் எல்லாம், அத நல்லா மெதுவா பழகுங்க. அப்புறம் ஓப்பன் ஜி, ஆறாவது டி, அஞ்சாவது ஜி, ஒண்ணாவது டி, மீதி மூணும் அப்படியே, அதுல 'லிட்டில் க்ரீன்'. அதுக்கப்புறம் 'அமீலியா'. சி வரைக்கும் இறக்கறப்ப மெல்லிய கம்பி செட்டா இருந்தா ஆறாவது கம்பி ஃப்ரெட்ல இடிச்சு கிர்ருங்கும், ஒரு அளவு தடிச்ச கம்பி மாட்டிக்குங்க. கம்பிய இறக்கினப்புறம் ஒரு தடவ நல்லா இழுத்து விட்டுட்டு மறுபடி ட்யூன் பாருங்க, இல்லன்னா ரெண்டு நிமிஷத்துல நழுவிடும். வாசிக்கறப்ப அந்த ஆல்பத்தோட அட்டைய எதிர்ல வச்சுக்குங்க, நான் நெசமாத்தான் சொல்றேன்.

கேக்கற வரிசைக்கு: 'ப்ளூ', 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்', 'ஹெஜிரா'. அப்புறம் 'போத் சைட்ஸ் நவ்' பாட்ட 1969ல 'க்ளவுட்ஸ்'ல பாடினதையும் 2000ல ஆர்க்கெஸ்ட்ராவோட பாடினதையும் அடுத்தடுத்துக் கேளுங்க, நடுவுல குரல் எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாருங்க. பலபேர் அத இழப்புன்னு சொல்றாங்க, எனக்கு ரெண்டாவதுலதான் அந்தப் பாட்டோட வார்த்தை முழுசா பொருந்தின மாதிரி இருக்கு.

இன்னொண்ணு, நீங்க வீடியோவ நிறுத்தி நிறுத்தி விரல் பாத்தேன்னு எழுதினத படிச்சப்ப எனக்கு ஞாபகம் வந்தது. 2015ல அவங்களுக்கு மூளையில ரத்தநாளம் வீங்கி வெடிச்சு, நடக்கறதையே மறுபடி கத்துக்க வேண்டியதாயிடுச்சு, கிட்டாரும் மறந்து போச்சு. 2022 ஜூலை 24ல நியூபோர்ட் ஃபோக் விழால முன்னறிவிப்பு இல்லாம மேடை ஏறினாங்க, 78 வயசு. நடுவுல எழுந்து நின்னு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார மாட்டிக்கிட்டு 'ஜஸ்ட் லைக் திஸ் ட்ரெய்ன்' பாட்ட பாடாம கிட்டார்ல மட்டும் வாசிச்சாங்க. எப்படி திரும்பக் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டதுக்கு, இணையத்துல இருக்கற தன்னோட பழைய வீடியோவப் போட்டு விரல் எங்க வைக்கணும்னு பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதா சொன்னாங்க. அந்த நியூபோர்ட் வீடியோவ முழுசா பாருங்க, இடது கை கொஞ்சமாத்தான் நகரும், வலது கை கட்டைவிரல் அதே பழைய தாளத்துல போகும்.